ஐந்தாவது வட்டம்

குளக்கரைப் புல்வெளியில் புள்ளிமான் கூட்டம் ஒன்று மேய்ந்து வந்தது. அதற்குக் காவல், செம்மூக்கி என்ற ஆட்காட்டிப் பறவை. புதருக்குள் செந்நாயின் காது அசைந்தால் போதும், அவள் கத்திக்கொண்டு மேலே எழும்புவாள். மான்கள் ஓடிப் பிழைத்துவிடும்.

ஆட்காட்டி மரத்தில் கூடு கட்டாது. வெறும் தரையில் முட்டையிடும். அதனால் காவலுக்குக் கூலியாக, கூட்டத்தின் தலைவன் கவைக்கொம்பன் அவள் இடத்தைச் சுற்றிக் குளம்பால் ஒரு வட்டம் கீறுவான். அதற்குள் எந்த மானும் கால் வைக்கக் கூடாது. கெடு ஓர் ஆண்டு. கரையில் நிற்கும் கொன்றையின் கடைசிப் பூ விழும் நாளில் வட்டம் செல்லாமல் போகும். அன்று தலைவன் வந்து புதிதாகக் கீறினால் காவல் தொடரும்.

நான்கு முறை அப்படித்தான் கீறினான்.

இந்த ஆண்டு கொன்றை பூத்திருந்தபோது அவன் அந்த வழியாக வந்தான். செம்மூக்கி முட்டையிட இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். கெடு முடியப் போகிறதே, பாறைப் பக்கம் போய்விடட்டுமா என்று கேட்டாள்.

"பாறையில் என்ன இருக்கிறது? இங்கேயே இடு. நீ இல்லாமல் எங்கள் குட்டிகள் கண் மூடுமா?" என்றான் அவன்.

அவள் வட்டத்துக்குள் முட்டையிட்டாள். மண் நிறத்தில், மண்ணோடு மண்ணாக நான்கு முட்டைகள்.

கடைசிப் பூ விழுந்தது. கவைக்கொம்பன் வரவில்லை. மறுநாள் அவளே போய்க் கேட்டாள்.

"கெடு முடிந்தது, செம்மூக்கி. நான் சொல் தவறவில்லையே."

"முட்டை இன்னும் பொரியவில்லை, அண்ணா. நீங்கள்தானே இடச் சொன்னீர்கள்."

"இடச் சொன்னேன். கீறுகிறேன் என்று சொன்னேனா?"

பக்கத்தில் மேய்ந்த ஒரு பெண்மான்தான், தலையைத் தூக்காமலே, காரணத்தைச் சொன்னது. ஐந்து முறை வட்டம் கீறப்பட்ட இடம் பறவைக்கே என்றைக்கும் சொந்தம் என்பது அந்தக் காட்டு வழக்கம். வட்டத்துக்குள்ளோ அருகம்புல் அடர்ந்து தழைத்திருந்தது.

செம்மூக்கி குளத்து ஆமையிடம் ஓடினாள். அந்தக் காட்டில் வழக்குத் தீர்ப்பது ஆமை. தீர்ப்பு வரும்வரையாவது வட்டத்தை மிதிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் எனக் கெஞ்சினாள். இரு தரப்பையும் கேட்காமல் வாய் திறக்க முடியாது என்றது ஆமை. கவைக்கொம்பனை வரவழைத்தது. அவன் கெடுவைப் பற்றியே பேசினான். ஆமை கரையேறி, கொன்றையடி வரை நடந்து, மரத்தில் பூ இல்லை என்று பார்த்து, திரும்பி நடந்து வந்தது. தண்ணீருக்குள் போய் யோசித்தது. கடைசியில் தலையை நீட்டியது.

"கெடு முடிந்தது உண்மை. ஆனால் இருக்கச் சொல்லி நம்பவைத்தவன் நீ. முட்டை பொரியும்வரை வட்டம் செல்லும்."

செம்மூக்கி பறந்து வந்து பார்த்தாள். கூட்டம் வட்டத்துக்குள் மேய்ந்து முடித்து நிழலுக்குப் போயிருந்தது. குளம்புத் தடங்களில் மஞ்சள் கரு காய்ந்துகொண்டிருந்தது.

"தீர்ப்பு உன் பக்கம்தானே, பிறகு எதற்கு அழுகிறாய்?" என்றது ஓர் இளமான்.

செம்மூக்கி அந்தக் குளத்தை விட்டே போய்விட்டாள்.

கவைக்கொம்பன் மஞ்சக்காலி என்ற இளம் ஆட்காட்டியைக் காவலுக்கு அமர்த்தினான். வேலையில் கருத்தாக இரு, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லி வட்டம் கீறினான். அவள் கருத்தாகவே இருந்தாள். அந்த ஆண்டு ஒரு மான்கூடச் சாகவில்லை. ஆனால் கொன்றை மறுபடி பூத்தபோது அவள் முட்டையிட்டது பாறையில்.

"வட்டம் சும்மா கிடக்கிறதே?" என்றான் தலைவன்.

"பாறையில் காற்று நன்றாக வருகிறது, அண்ணா."

காய்ந்த மஞ்சள் கருவை அவளும் பார்த்திருந்தாள்.

கடைசிப் பூ விழுந்தது. கொஞ்சம் காக்கவைத்தால் இன்னும் பணிவாள் என்று நினைத்து, கவைக்கொம்பன் அன்று வட்டம் கீறப் போகவில்லை. மறுநாள் விடியலில் செந்நாய்கள் வந்தன. பாறையிலிருந்து மஞ்சக்காலிக்குப் புல் அசைவது தெரிந்தது. கவைக்கொம்பனின் குட்டி தனியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பதும் தெரிந்தது. அவள் முட்டைகளின்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். குட்டியின் அலறல் கேட்டுத்தான் கூட்டம் ஓடியது.

வெயில் ஏறியபின் கவைக்கொம்பன் பாறையடியில் வந்து நின்றான்.

"நீ பார்க்கவில்லையா?"

"பார்த்தேன்."

"பிறகு ஏன் கத்தவில்லை?"

"நேற்றே பூ விழுந்துவிட்டதே, அண்ணா."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அலகால் முட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள். கீழே, குளத்தோரச் சேற்றில், சின்னக் குளம்புத் தடங்கள் தண்ணீர் வரை போயிருந்தன. திரும்பி வரவில்லை. அந்தக் குட்டி யாருடைய வட்டத்தையும் மிதித்ததில்லை.

நம்பியிருக்கச் சொல்லிவிட்டு நாள் பார்த்துக் கைவிடுகிறவரை, பிறரும் நாள் பார்த்தே கைவிடுவார்கள்.