பல்லி விட்டது

செங்கோட்டையிலிருந்து மதுரை போகும் பயணிகள் வண்டியில் ஜன்னலோரம் குருவும், பக்கத்தில் சீடரும் உட்கார்ந்திருந்தார்கள். குருவுக்கு நாற்பத்து மூன்று வயது, சீடருக்கு அறுபத்தாறு. குரு சீடரை "சார்" என்பார், சீடர் குருவை "அம்மா" என்பார். பார்க்கிறவர்களுக்கு யார் யாருக்குக் குரு என்று பிடிபடாது. அதைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டதும் இல்லை.

சீடர் ஆவுடையப்பன், தமிழாசிரியராக இருந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட ஒற்றுப்பிழையைத் திருத்திவிட்டுத்தான் வாழ்த்துவார். குரு செண்பகத்தம்மா, தென்காசிப் பக்கம் சிற்றாற்றங்கரையில் ஓர் ஓட்டு வீட்டில் இருப்பவர். என்ன கேட்டாலும் முதலில் சிரிப்பார். ஐந்து வருஷமாக ஆவுடையப்பனுக்கு அந்தச் சிரிப்புக்குப் பொழிப்புரை கிடைக்கவில்லை.

இப்போது ஆவுடையப்பன் மடியில் ஒரு கவிதைப் புத்தகம் இருந்தது. மகள் குழலி எழுதியது. சிவகாசியில் தான் வேலை பார்க்கும் அச்சகத்தில், காலண்டர் அடித்து மிஞ்சிய தாளில் அவளே அச்சடித்தது. பின்னட்டையில் "விலை: ஒரு தும்மல்" என்று போட்டிருந்தாள்.

அப்பாவும் மகளும் பேசி மூன்று வருஷமாகிறது. எழுதிய முதல் கவிதையை அவள் ஆசையாகக் கொண்டுவந்து காட்டினாள். அவர் சிவப்புப் பேனாவால் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியவள்தான். போன வாரம் தபாலில் இந்தப் புத்தகம் வந்தது, கூடவே ஒரு துண்டுச் சீட்டும்.

"ஞாயிற்றுக்கிழமை வாங்க. படிச்சிட்டு வர்றதா இருந்தா வாங்க."

போக ஆசை. போய் என்ன சொல்வது என்று பயம். அதனால்தான் குருவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். குருவுக்கு மதுரையில் வேறு வேலை இருந்தது, சிவகாசி வரைக்கும் துணைக்குச் சரி என்றார்.

சங்கரன்கோவில் தாண்டியதும் ஆவுடையப்பன் ஒரு பக்கத்தைத் தயங்கித் தயங்கி வாய்விட்டுப் படித்தார்.

*எங்கள் தெருக் கிணற்றுக்குச் சளி.*
*வாளி விட்டால் தும்முகிறது.*
*நனைந்துபோய் நிற்கிறோம்,*
*கையில் குடமும் கஷாயமுமாக.*

குரு விழுந்து விழுந்து சிரித்தார். எதிர் இருக்கையில் பலாப்பழத்தை மடியில் வைத்திருந்த பெண்ணும் சிரித்துவிட்டு, தங்கள் ஊர்க் கிணற்றில் இரண்டு வருஷமாகப் பேச்சுமூச்சே இல்லை, தும்மினாலாவது தேவலை என்றாள்.

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற பிள்ளை எழுதியது ரயிலில் எதிரே வந்தவளுக்குப் புரிகிறது, தனக்குப் புரியவில்லை.

"இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"தெரியலியே, சார். நீங்க கையில பேனாவ வச்சுக்கிட்டு என்ன தேடுதீங்க?"

அப்போதுதான் அவர் தன் கையைப் பார்த்தார். சிவப்புப் பேனா. எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. புத்தகத்தை வாங்கிப் புரட்டிய குரு, பாதி வரைக்கும் சிவப்பாகக் கிடப்பதைக் கண்டார். பதினேழு பிழை என்றார் ஆவுடையப்பன், கொஞ்சம் வெட்கத்தோடும் கொஞ்சம் பெருமையோடும். அதிலும் ஒன்று பெரிய அநியாயம், தலைமையாசிரியர் மகள் பள்ளியைப் பல்லி என்று எழுதியிருக்கிறாள், ழகரமும் லகரமும் நாக்கில் பழகட்டும் என்றுதான் குழலி என்று பெயரே வைத்தேன் என்றார்.

"திருத்தினத அப்படியே படிங்க."

அவர் படித்தார்.

*பள்ளி விட்டது.*
*எல்லாரும் ஓடினார்கள்.*
*நானும் ஓடினேன்,*
*என் வாலை மட்டும்*
*அங்கேயே உட்கார வைத்துவிட்டு.*
*அது இன்னும்*
*எழுதிக்கொண்டிருக்கிறது.*

"பள்ளியில வால் எங்கேருந்து சார் வந்துச்சு?"

"அதான் எனக்கும் புரியல. பிழைக்கு மேல பிழை."

குரு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சாதாரணமாகக் கேட்டார்.

"உங்க பொண்ணு மொத மொதல்ல பல்லின்னு எப்ப எழுதுனா?"



மூன்றாம் வகுப்பு. ஆவுடையப்பன் வேலை பார்த்த பள்ளிக்கூடம்தான். "நான் பல்லிக்குப் போகிறேன்" என்று எழுதியிருந்தாள் குழலி. வகுப்பே சிரித்தது. சொந்தப் பிள்ளைக்குச் சலுகை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, மணியடித்த பிறகும் அவளை உட்காரவைத்து, பள்ளி பள்ளி என்று இருநூறு தரம் எழுதச் சொன்னார். பிறகு அலுவலக அறையில் ஏதோ வேலை. அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். காப்பி டம்ளரைக் கையில் கொடுத்து, "குழலி எங்கே?" என்று மனைவி கேட்ட பிறகுதான் நினைவு வந்தது. வகுப்பறையைப் பூட்டப் போன காவலாளிதான் அவளைக் கூட்டிவந்தார். இருநூறு எப்போதோ முடிந்துவிட்டதாம். அப்பா எழுந்திரு என்று சொல்லாததால் எழுதிக்கொண்டே இருந்தாளாம்.

இதை அவர் முப்பது வருஷமாக நினைத்துப் பார்த்ததே இல்லை.

விரல் நுனியை நாக்கில் தொட்டு, திருத்திய 'ள்'ளின் மேல் தேய்த்தார். சிவப்பு மை கரைந்து பரவியது. இன்னும் தேய்த்தார். காலண்டர் தாள் மெலிசு, பொத்துக்கொண்டது. எத்தனை பிள்ளைகளை எச்சில் தொட்டு அழிக்காதே என்று அதட்டியிருப்பார். எதிரே இருந்த பெண் பார்க்காதவள்போலத் திரும்பிக்கொண்டாள். அவர் கண் கலங்கியிருந்தது.



சிவகாசியில் ஆவுடையப்பன் மட்டும் இறங்கினார். பிளாட்பாரத்தின் கடைசியில், தண்ணீர்க் குழாயோரம் குழலி நின்றிருந்தாள். அவரைப் பார்த்துவிட்டாள், ஆனால் பக்கத்தில் வரவில்லை. அவர் நாலு எட்டு வைத்தார், நின்றார், திரும்பி ஜன்னலுக்கே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"படிச்சீங்களான்னு கேப்பா. புத்தகத்த வேற கிழிச்சு வச்சிருக்கேன். நான் என்னம்மா சொல்லட்டும்?"

வண்டி நகரத் தொடங்கியது. குரு இந்தத் தடவை சிரிக்கவில்லை. லகரம் சுத்தமாக விழும்படி, நிதானமாகச் சொன்னார்.

"பல்லி விட்டாச்சு, சார். போய் அந்த வாலை எழுந்திரிக்கச் சொல்லுங்க."