அழுங்குக்கு வைத்த சிலை

மூங்கிலாற்றங்கரைக் காட்டில் சுருளி என்றொரு அழுங்கு இருந்தது. உடம்பெல்லாம் செதில், கறையான்தான் சாப்பாடு. அழுங்குகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. யோசிக்க வேண்டுமென்றால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். பார்க்கிறவர்கள் தூங்குகிறது என்பார்கள். பாவம், அவர்களுக்கு யோசித்துப் பழக்கமில்லை.

யோசிக்கிற அழுங்குகளுக்கென்று பழைய ராஜா ஒரு கறையான் புற்றை ஒதுக்கி வைத்திருந்தார். பசித்தால் நாக்கை நீட்டினால் போதும், இரை தேடி அலைய வேண்டாம். அந்தப் புற்றடியில் சுருண்டு, சுருளி ஒரே கேள்வியை மாதக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்தது. மாம்பழம் விழுகிறது, நிலா ஏன் விழுவதில்லை?

பழைய ராஜா போய் யானை ராஜாவானது. அதற்கு மந்திரி ஒரு கருமந்தி. காட்டில் யார் யார் சும்மா தின்கிறார்கள் என்று பார்க்கக் கிளம்பிய மந்திரி, புற்றடிக்கு வந்து சுருளியைத் தட்டி எழுப்பியது.

"என்னம்மா பண்றே?"

"நிலா ஏன் விழலைன்னு யோசிக்கிறேங்க."

"விழலைன்னா நல்லதுதானே? விழுந்தா அப்போ பார்த்துக்கலாம்."

"காரணம் தெரிய வேண்டாங்களா?"

"சரி, எப்போ தெரியும்? தேதி சொல்லு."

"அது தெரிஞ்சா நான் ஏன் யோசிக்கிறேன்?"

மந்திரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. உடனே மரங்கொத்தி தலைமையில் ஒரு குழு போட்டது. குழுவில் சுருண்டு பார்த்தவர் ஒருவரும் இல்லை. மரங்கொத்திக்குத் தெரிந்த வேலை கொத்துவது. எத்தனை கொத்து என்று எண்ணினால் எவ்வளவு வேலை என்று தெரிந்துவிடும். அழுங்குகளுக்கும் அதே கணக்கை வைத்தது. யார் அதிகத் தடவை சுருள்கிறார்களோ, அவர்களுக்குத்தான் புற்று.

சுருளியின் தோழன் முறுக்கன் கெட்டிக்காரன். அன்றே ஆரம்பித்துவிட்டான். சுருண்டான், நிமிர்ந்தான், சுருண்டான், நிமிர்ந்தான்.

"எதைப் பத்தி யோசிக்கிறே?" என்று கேட்டது சுருளி.

"யோசிக்கிறதா? அப்புறம் எண்ணிக்கை குறைஞ்சிடுமே!"

ஒரு காலத்தில் மின்னல் ஏன் கோணலாகப் போகிறது என்று மழைக்காலம் முழுக்கச் சுருண்டு கிடந்தவன் அவன். சுருளிக்கு அழுகை வந்தது.

கணக்கு முடிக்கும் நாள் வந்தது. "முறுக்கன், எண்ணி மாளலை. சுருளி, ஒண்ணு," என்றது மரங்கொத்தி.

"அது பெரிய ஒண்ணுங்க. இன்னும் முடியலை."

"ஒண்ணு ஒண்ணுதான்."

புற்று கைவிட்டுப் போனது. இரை தேடி அலைகிற அலைச்சலில் நிலா மறந்துபோய்விடுமோ என்று சுருளி பயந்தது. ஆற்றை நீந்தி எதிர்க்கரைக் காட்டுக்குப் போனது. அங்கே ராஜா ஒரு காட்டுப்பன்றி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சுருண்டுக்க நிழல் வேணுமா, வெயில் வேணுமா?" என்று மட்டும் விசாரித்து, ஒரு புற்றைக் காட்டியது.

மறு மழைக்காலத்தில் சுருளி நிமிர்ந்தது. "நிலாவும் விழுந்துகிட்டுதான் இருக்கு. ஆனா விழறதோட பக்கவாட்டிலும் வேகமா ஓடுது. அதனாலதான் தரையைத் தொடாம நம்மளைச் சுத்தி வருது!"

பறவைகள் சேதியை நாலு திக்கும் கொண்டுபோயின. அதுவரை சுருளியை ஏனென்று கேட்காத சொந்தக் காடு அமர்க்களப்பட்டது. "நம்ம காட்டுப் பிள்ளையாச்சே!" என்று யானை பிளிறியது. "அன்னைக்கே தட்டி எழுப்பி ஊக்கம் கொடுத்தவன் நான்தான்," என்று மந்திரி மரத்துக்கு மரம் தாவிச் சொன்னது. பாராட்டு விழாவுக்கு அழைப்பு போனது. சுருளியும் வந்தது. சொந்தக் காட்டின் மண்வாசம் பட்டதும் அதற்கு மனசு இளகிவிட்டது.

"மாலையெல்லாம் வேண்டாங்க. என் புற்றைத் திருப்பிக் கொடுங்க. இங்கேயே இருந்துடறேன்."

யானை மந்திரியைப் பார்த்தது. மந்திரி பெருமையாகக் கையைக் காட்டியது. புற்று இருந்த இடத்தில், சுருண்ட அழுங்கின் கற்சிலை ஒன்று பெரிய பீடத்தின்மேல் இருந்தது.

"புற்றை இடிச்சுட்டுத்தான் வெச்சோம். உன் பேருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் உண்டா?"

பீடத்தின் நிழலில் முறுக்கன் ஒட்டிய வயிறோடு நின்றான். "எதிர்க்கரையில இன்னொருத்தன் சுருண்டுக்க இடம் இருக்குமா?" என்று மெல்லக் கேட்டான்.

"வா," என்றது சுருளி. வேண்டாமென்றும் கேளாமல் போட்ட மாலையைக் கழற்றிச் சிலைக்கே போட்டுவிட்டு ஆற்றில் இறங்கியது. முறுக்கனும், மிச்சமிருந்த அழுங்குகளும் பின்னால் போயின.

மறுநாள் மரங்கொத்தி வழக்கம்போல எண்ண வந்தது. சுருண்டிருந்தது சிலை மட்டும்தான். "ஒண்ணு," என்று சொல்லிவிட்டுப் பறந்தது.

யோசிக்கிறவர்கள் இருக்கும்போது அவர்களுக்குச் சோறும் பொறுமையும் தராத நாடு, அவர்கள் போன பிறகு சிலையை வைத்துக்கொண்டுதான் பெருமைப்பட வேண்டும்.