நாற்பது பதில்கள்

“மூணு கம்பெனி மேடம். மூணுலயும் என்னைய வேணாம்னுட்டாங்க. நான் பேசின இங்கிலீஷ்ல ஒரு தப்புகூடக் கிடையாது” என்றான் மாயழகு.

கல்லூரியில் அவனுக்கு இது கடைசி ஆண்டு. மறுநாள் வேலைக்கு ஆள் எடுக்க வருவது கடைசி கம்பெனி.

“இதுவும் போச்சுன்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவேன்?”

ஆங்கிலப் பேராசிரியை ரஹ்மத் நிஷா நாற்காலியைக் காட்டினார்.

“எப்படித் தயார் பண்ணினே?”

“நாப்பது கேள்வி, நாப்பது பதில். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.”

அதில் சந்தேகமே இல்லை. விடுதியில் அவனோடு தங்கியிருந்த மூன்று பாவப்பட்டவர்களுக்கும் அந்த நாற்பதும் மனப்பாடம்.

“சரி. என்னையக் கம்பெனிக்காரியா நெனச்சுக்கோ. இனிமே இங்கிலீஷ்தான்.”

அவன் ஃபைலை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். வெளியே தூறல் போட ஆரம்பித்திருந்தது.

“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.”

அவருடைய தலைக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு தொடங்கினான். ஊர், அப்பா, படிப்பு, மதிப்பெண். ஒரு சொல் இடறவில்லை.

“அடுத்து, என் பலங்களைச் சொல்கிறேன்.”

மழை வலுத்தது. சாரல் உள்ளே அடித்தது.

“உங்கள் ஃபைல் நனைகிறது” என்றார் ஆங்கிலத்தில்.

“நன்றி மேடம்.”

“சான்றிதழ்கள் அதில்தானே இருக்கின்றன?”

“மிக நல்ல கேள்வி மேடம். மற்றவர்களோடு நன்றாகப் பேசிப் பழகுவது என் முதல் பலம்.”

அவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். ஃபைலைத் துடைத்து மேசைமேல் வைத்தார். அதற்குள் அவன் மூன்றாவது பலத்துக்குப் போயிருந்தான்.

ஒருவழியாக முடித்துவிட்டு மூச்சு விட்டான்.

“எப்படி மேடம்? எங்கயாவது தப்பு இருந்துச்சா?”

“ஒரு தப்பும் இல்ல.”

அப்போதுதான் ஃபைலைப் பார்த்தான். பதறிப்போய்த் திறந்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழின் ஓரம் ஊறியிருந்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஐயோ மேடம், நனையுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னேனே.”

“எப்போ?”

“நீ உன் பலத்தைச் சொல்லிக்கிட்டு இருந்தப்போ.”