மகாராஜாவின் உப்பைத் தின்ற நாய்

"எச்சில்! மகாராஜாவின் திருக்கரத்தில் நாய் எச்சில்!"

"கூச்சலிடாதீர், பிரதானியாரே. எச்சில் பட்டது அவர் கையில். உமக்கு ஏன் தொண்டை கட்டுகிறது?"

"நாயைச் சபைக்குள் விட்டவனுக்கு வாயைப் பார்!"

இந்தச் சண்டை எந்த நாட்டில், எந்தக் காலத்தில் என்று கேட்காதீர்கள். ராஜாக்கள் நினைத்ததெல்லாம் சட்டமாயிருந்த காலம், அவ்வளவுதான். கத்தியவர் பிரதானி சொக்கேசர். பதில் சொன்னவன் அரண்மனை விகடக்காரன் சங்கிலிமுத்து. அவன் விகடம் பொறுக்காமல் மனைவி பிறந்தகம் போய்விட்டாள் என்று ஊரில் பேச்சு. மிச்சமிருந்த குடும்பம் செவலை என்ற நாயும் அதன் குட்டியும்தான். அன்று குட்டியோடு அவன் பின்னாலேயே வந்த செவலை, நேரே சிம்மாசனம் ஏறி ராஜாவின் கையை நக்கிவிட்டது.

மகாராணி இறந்து ஓராண்டு. துக்கத்துக்காக நாட்டில் யாரும் கறி தின்னக்கூடாது. துக்கத்தை நினைவூட்டும்படி யாரும் அழவும் கூடாது. அழுதால் நாடுகடத்தல். இரண்டும் ராஜாவே போட்ட சட்டம்.

"தன்னை நக்குகிறது, குட்டியை நக்குகிறது, இப்போது என்னையும் நக்குகிறது. ஏன்?" என்றார் ராஜா.

"நாயே தன் வாயால் சொல்லட்டும், பிரபு. இல்லையேல் வெட்டிவிடலாம்" என்றார் பிரதானி, தேன் ஒழுக.

"அப்படியே ஆகட்டும். நாளை."

சங்கிலிமுத்துவுக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. ஊரைச் சிரிக்கவைத்தவனுக்கு ஒரு யோசனைகூட வரவில்லை. செவலை ஒரு மூலையில் முள் குத்திய காலை நக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. நாய் நக்கியபோது ராஜா கையை இழுத்துக்கொள்ளவே இல்லையே!

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. பிறர் வீட்டு நாய் சாவதென்றால் கூட்டத்துக்குக் குறைவா?

"எங்கே, பேசச் சொல்லும்" என்றார் பிரதானி.

"வாயால் பதில் என்றுதானே ஆணை? நாக்கு வாயில்தானே இருக்கிறது?" என்று சங்கிலிமுத்து கயிற்றை அவிழ்த்தான்.

செவலை உட்கார்ந்து காலை நக்கியது. "அதற்கு அரண்மனை வைத்தியர் வரமாட்டார், பிரபு. தானே பார்த்துக்கொள்கிறது." பிறகு சேறு பூசி வந்த குட்டியை நக்கியது. "குளிப்பாட்ட அதற்குக் கையில்லை." பிறகு நேரே பிரதானியிடம் போய் அவர் விரல்களை ஒவ்வொன்றாக, ஆசையாக நக்கியது.

"சந்தனம்! சந்தனம் பூசியிருந்தேன்!" என்று அலறினார் பிரதானி.

"ஆட்டுக்கால் வாசனையில் சந்தனம் எந்தக் கடையில் கிடைக்கிறது, பிரதானியாரே?"

சபை வாயைப் பொத்திக்கொண்டது. அதற்குள் செவலை சிம்மாசனம் ஏறி ராஜாவின் கையை நக்கத் தொடங்கியிருந்தது.

பிரதானிக்கு உயிர் வந்தது. "அப்படியானால் மகாராஜாவின் கையில் என்ன ருசி? சொல்லும்!"

ஒளித்துத் துடைத்த கண்ணீர் என்று சொன்னால் ராஜாவையே குற்றவாளியாக்கியதாகும். சொல்லாவிட்டால் செவலை இல்லை. சங்கிலிமுத்து சிம்மாசனத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

"உப்பு, பிரபு. மகாராஜாவின் உப்பைத் தின்கிறோம் என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொள்கிறோம். நாய்க்குப் பேச வராது. நிஜமாகவே தின்கிறது."

ராஜா அவனையே பார்த்தார். பிறகு சிரித்தார். ஓராண்டுக்குப் பின் சிரித்தார். கண்ணில் நீர் தாரை தாரையாக வழியும்வரை சிரித்தார். சிரித்து வந்த கண்ணீர் என்று சபை நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்?

"இவனுக்குப் பட்டுச் சால்வை போர்த்துங்கள். இந்த நாயும் குட்டியும் இனி என்னோடு இருக்கட்டும்."

நாயைக் காப்பாற்றப் போனவன் சால்வையோடு வீடு திரும்பினான்.

கறி தின்ற குற்றத்துக்குப் பதவி போன பிரதானி, மகளை ஓர் உப்பளக்காரன் மகனுக்குக் கட்டிக்கொடுத்தார். ஊர் சிரித்தது. சங்கிலிமுத்து மட்டும் அந்தக் கல்யாணத்துக்கு இல்லை. மூட்டை கட்டிக்கொண்டு எல்லை தாண்டிவிட்டான்.

"உம்மை யாரும் துரத்தவில்லையே, ஏன் ஐயா போகிறீர்?" என்று எல்லைக் காவலன் கேட்டானாம். சங்கிலிமுத்து முகத்தைத் துடைத்த கையை நீட்டிக் காட்டினானாம்.

காவலனுக்கு என்ன புரியும்? அவன் என்ன, நாயா?