மண்ணிடம் ஒப்படைத்த கும்மட்டம்

மீரான்பட்டணத்தில் உயிரோடு இருப்பவர்களுக்குக் கூரை வீடு, செத்தவர்களுக்குக் கும்மட்டம். நவாபின் பாட்டனாருக்கு ஒன்று, பாட்டனாரின் தம்பிக்கு ஒன்று, ஒருநாளும் போர்க்களம் பார்க்காத தளபதிக்கு எல்லாவற்றிலும் பெரிதாக ஒன்று. அத்தனையையும் தூக்கிச் சாப்பிடும்படி இப்போது புதிதாக ஒன்று எழுந்து நின்றது. நவாபின் தாயாரை அடக்குவதற்காக உதுமான் லெப்பை மேஸ்திரி கட்டிய மண்டபம், மக்பரா.

நின்றது என்று சொல்வதுகூட அவசரம்தான். நாலு சுவரை எழுப்பி, உள்ளே முழுக்க மண்ணைக் கொட்டி, மேலே அதைக் குடம் கவிழ்த்த மாதிரி குவித்துத் தட்டி, அந்த மண்மேட்டின் மேல்தான் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கும்மட்டம் வளைத்திருந்தார் மேஸ்திரி. சுண்ணாம்பு இறுகியதும் மண்ணை எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் தெரியும், கும்மட்டம் தானாக நிற்குமா, தலையில் விழுமா என்று.

மழைக்காலம் போய் வெயில் காலமும் வந்துவிட்டது. மேஸ்திரி மண்ணை எடுக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "இன்னும் கொஞ்சம் வெயில் குடிக்கட்டும்" என்றார். அவ்வளவு அகலத்தில் அவர் அதற்கு முன் வளைத்ததில்லை. அந்த ஊரில் யாருமே வளைத்ததில்லை.

அன்று காலை கடைத்தெருவில் புழுதி பறக்க ஒரு குதிரைக்காரன் வந்தான்.

"பெரிய பேகம் வர்றாங்க! நாளைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்குள்ள சந்தூக்குப் பெட்டி வந்து சேர்ந்துடும்!"

ஊரே எழுந்து நின்றது. நவாபின் தாயாரான பெரிய பேகம் வெளியூரில் மௌத்தானவர். அங்கேயே அமானத்தாக அடக்கியிருந்தார்கள். அதாவது, 'மண்ணே, இவரை உன்னிடம் ஒப்படைக்கிறோம், பிறகு வந்து வாங்கிக்கொள்வோம்' என்று சொல்லி அடக்குவது. இப்போது வாங்கிக்கொண்டு வருகிறார்கள். தெருவில் தண்ணீர் தெளித்தார்கள், பந்தல்கால் நட்டார்கள், எங்கே பார்த்தாலும் ஓட்டமும் சத்தமும்.

குதிரைக்காரன் மேஸ்திரியிடம் மட்டும் தனியாக ஒரு செய்தி சொன்னான். நாளைக்குள் மக்பராவின் நடுவில் கபுறுக்குழி வெட்டியிருக்க வேண்டும். முடியாதென்றால் கும்மட்டத்தை இடித்துவிட்டு ஓடு வேயச் சொல்லி நவாபின் உத்தரவு.

மேஸ்திரி தலைப்பாகையைக்கூடக் கட்டாமல் தன் ஞானகுருவைத் தேடி ஓடினார்.

சீடருக்கு அறுபது வயது, குரு நூஹு ஹஜ்ரத்துக்கு முப்பது. ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். மேஸ்திரி அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. ஹஜ்ரத் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

"ஹஜ்ரத், இடிச்சிடுவாங்களாம்!"

"எதை?"

"என் கும்மட்டத்தை. நிக்குமா விழுமான்னு தெரியாமலே இடிச்சிடுவாங்களாம். மண்ணை எடுக்கலாம்னா கை வர மாட்டேங்குது. விழுந்துட்டா நான் இத்தனை வருஷம் கத்துக்கிட்டதெல்லாம் பொய்யாகிடுமே. நான் என்ன செய்யட்டும்?"

ஹஜ்ரத் துணியைப் பிழிந்து உதறினார்.

"பெரிய பேகத்தை மண்ணு திருப்பிக் கொடுத்துச்சா?"

"கொடுத்துச்சு. சந்தூக்குல ஒரு பலகைகூட உளுத்துப்போகலையாம்."

"உங்க கும்மட்டத்தை யார்கிட்ட ஒப்படைச்சிருக்கீங்க?"

"மண்ணுகிட்டதான்."

"அமானத்துல மண்ணு மோசம் பண்ணினதா நான் கேட்டதே இல்லை. வாங்கிக்கப் போகாத ஆளைத்தான் இப்போ பார்க்கிறேன்."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. வந்த வேகத்திலேயே திரும்பி ஓடினார்.

மக்பராவைச் சுற்றி ஜனம் கூடிவிட்டது. கொத்தர்கள் மண்வெட்டியோடு நின்றார்கள்.

"ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது!" என்று மேஸ்திரி கத்தினார். "நான் வளைச்சது. விழுந்தா என் தலையில மட்டும் விழட்டும்."

சாரத்தில் ஏறினார். கும்மட்டத்தின் கழுத்தில் சுற்றிலும் சாளரங்கள் விட்டிருந்தார். அதில் ஒன்றின் வழியாக மண்ணைக் குடைந்துகொண்டு உள்ளே போனார். அவர் தலை மறைந்தது, தோள் மறைந்தது, பாதமும் மறைந்தது. சாளரத்திலிருந்து மண் மட்டும் பொலபொலவென்று வந்து விழுந்தது.

கீழே நின்ற பெண்கள் வாய்க்குள் ஓதினார்கள்.

உள்ளே மேஸ்திரி படுத்தபடியே வெட்டினார். முதுகுக்குக் கீழே மண், மூக்குக்கு மேலே செங்கல். கொஞ்ச நேரத்தில் காலுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது.

"மண்ணை இந்தப் பக்கம் தள்ளுங்க. என் கூடை காலியா இருக்கு."

"ஹஜ்ரத்! வெளியே போங்க! உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

"பேச்செல்லாம் அப்புறம். தள்ளுங்க."

ஹஜ்ரத் ஈரத்துணியோடு உள்ளே போனதை ஊரே பார்த்தது. கொத்தர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆளுக்கொரு சாளரமாகப் பாய்ந்தார்கள். உள்ளேயிருந்து மேஸ்திரி திட்டினார், கெஞ்சினார். யார் கேட்டார்கள்? கூடைகள் கைமாறின. கடைக்காரன் வந்தான், மீன்காரி வந்தாள், பந்தல் போட்டவர்கள் பந்தலை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். மண் சாரத்திலிருந்து தெருவுக்கும் தெருவிலிருந்து குளக்கரைக்கும் ஓடியது.

வெயில் சாயும்போது கும்மட்டத்தைத் தாங்கிய மண்ணில் உச்சியில் ஒட்டியிருந்த கடைசிப் பிடி மட்டும் பாக்கி.

மேஸ்திரி மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கையாலேயே அதைப் பறித்தார். ஒரு சுண்ணாம்புப் பொருக்கு உதிர்ந்து அவர் நெற்றியில் விழுந்தது. யாரோ "யா அல்லாஹ்!" என்றார்கள். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார்.

வேறெதுவும் விழவில்லை.

கண்ணைத் திறந்தார். மண்ணுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தார். கை தாராளமாகப் போனது. தலைக்கு மேல் எதையும் பிடிக்காமல், எதன்மேலும் சாயாமல், அவருடைய கும்மட்டம் நின்றுகொண்டிருந்தது.

கொத்தர்கள் 'அல்லாஹு அக்பர்' என்று முழக்கிய தக்பீர் வளைவில் மோதிப் பல மடங்காகத் திரும்பி வந்தது. வெளியே ஊர் அதற்குப் பதில் முழக்கம் போட்டது. எங்கோ ஒருவன் முரசை அடிக்க ஆரம்பித்துவிட்டான். காலடியில் மிச்சமிருந்த மண்ணை ராத்திரியோடு ராத்திரியாக அள்ளிவிட்டுக் கபுறு வெட்டிவிடலாம். மேஸ்திரி அறுபது வயதை மறந்து மண்மேட்டில் குதித்தார், விழுந்தார், எழுந்து மறுபடி குதித்தார்.

ஹஜ்ரத் ஓரமாக உட்கார்ந்து தாடியிலிருந்து மண்ணை உதறிக்கொண்டிருந்தார். மேஸ்திரி மூச்சு வாங்க அவர் அருகில் போய் உட்கார்ந்தார்.

"ஹஜ்ரத், இது நிக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்லையா?"

"தெரியாது."

"தெரியாமலா எனக்குப் பின்னால வந்தீங்க?"

"கும்மட்டத்தைப் பத்தி எனக்கென்ன தெரியும், மேஸ்திரி? உங்களைத் தெரியும்."