மூன்றாவது போர்டு

"எந்த மதர்போர்டும்மா வாங்கறது?" என்று கேட்டார் தணிகாசலம்.

மூன்று மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. கேள்வி முந்திக்கொண்டது. வணக்கம் பிறகுதான் வந்தது.

மெஹருன்னிசா தலையை நிமிர்த்தவில்லை. கம்ப்யூட்டர் கடைகள் நெரியும் ரிச்சி தெருவில் அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து, செத்துப்போன மதர்போர்டுகளுக்கு உயிர் கொடுப்பது அவள் பிழைப்பு. கம்ப்யூட்டரின் பிராசசரைக் கம்பெனி குறித்த வேகத்துக்கு மேலே ஓட்டிப் பார்ப்பது அவள் பித்து. ஓவர்கிளாக்கிங் என்பார்கள். அதில் அவள் பெயரைக் கேள்விப்படாத ஆள் அந்தத் தெருவில் கிடையாது.

அவளுக்கு வயது முப்பத்திரண்டு. வந்து நின்றவருக்கு ஐம்பத்து மூன்று.

"எதுக்கு?" என்றாள்.

"கத்துக்கத்தான்."

"கத்துக்கிட்டு?"

இதற்கு ஒரு நல்ல பதிலை அவர் மின்சார ரயிலில் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். வாயைத் திறந்ததும் அது பறந்துவிட்டது. கூடவே இருந்த உண்மைதான் வெளியே வந்தது.

அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் இருந்தார். முதல் பத்து வருஷம் இரும்பைக் கடையும் பதினொன்றாம் நம்பர் லேத்தில் வேலை. அந்த லேத்தின் நெற்றியில் ஒரு தகடு, தகட்டில் ஓர் எண். அந்த வேகத்துக்கு மேலே ஓட்டக்கூடாது. அவர் ஒருநாளும் ஓட்டியதில்லை. பிறகு தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டர் ஆனார். அதே லேத்துக்குப் பக்கத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து, வேறு யாரும் ஓட்டாமல் பார்த்துக்கொண்டார். போன வருஷம் தொழிற்சாலையை மூடினார்கள். கிரேன் வந்து லேத்தைத் தூக்கி லாரியில் போட்டது. பழைய இரும்போடு இரும்பாகப் போயிற்று.

"அது இன்னும் எவ்ளோ ஓடியிருக்கும்னு எனக்குத் தெரியலம்மா. யாருக்குமே தெரியல."

 சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வீட்டில் மகன் விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர் இருந்தது. அதை நோண்டும்போதுதான் இதிலும் ஒரு குறித்த வேகம் உண்டு, இதைத் தாண்டலாம், தாண்டினால் யாரும் வேலையை விட்டு அனுப்பமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டார். அன்றே ஒரு நல்ல பிராசசர் வாங்கிவிட்டார். அந்த ஒன்றோடு சரி, இன்னொன்று வாங்க வக்கில்லை. சட்டைப்பையில் டப்பியோடு வைத்திருந்தார்.

மெஹர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் சொல்லிக்கொடுப்பாள். அறையில் இரண்டு ஸ்டூல்கள். ஒன்றில் அவள் உட்கார்ந்திருப்பாள். மற்றது பெஞ்சின் மேல் கவிழ்ந்து கிடக்கும். கற்க வருகிறவர் தன் போர்டைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று வாய்ப்பு. முதல் இரண்டுக்கும் கடை கடையாகத் தேடிக் கொண்டுவரலாம். மூன்றாவது அவள் அலமாரியிலிருந்தே எடுக்க வேண்டும். சரியாக எடுத்தால் ஸ்டூல் கீழே இறங்கும். இல்லாவிட்டால் ஆள் கீழே இறங்குவார், திரும்ப ஏற முடியாது. வேலூரிலிருந்து ஒரு கல்லூரி விரிவுரையாளர் அடுத்த இடத்துக்காக அந்த வாரத்திலேயே இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, போர்டு எது என்று மட்டும் கேட்கக்கூடாது என்றாள்.

ஒரு சின்னக் குறிப்பாவது கொடுக்கக் கூடாதா என்றார் தணிகாசலம்.

மெஹர் அவர் கையைப் பிடித்தாள். ஓடிக்கொண்டிருந்த ஒரு போர்டில், பிராசசருக்குப் பக்கத்தில் இருந்த உலோகக் கட்டியின் மேல் அவர் விரலை வைத்தாள். பிராசசருக்குக் கரண்ட் போகும் இடம் அது; அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளத்தான் அந்தக் கட்டி.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சுடுது."

"ம்" என்றாள்.

பாடம் முடிந்துவிட்டது.

பத்து நாள் தணிகாசலம் படித்தார், வீடியோ பார்த்தார், நோட்டில் குறித்துக்கொண்டார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு நேரம் பார்க்கவில்லையே என்று மனைவி மரகதம் கேட்டாள். அப்போது மட்டும் ஒழுங்காகப் பார்த்திருந்தால் என்று ஆரம்பித்தவர், அவள் கையிலிருந்த கரண்டியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

முதல் போர்டைக் கொண்டுபோனார். விளக்கெல்லாம் எரியும். சுடும் இடத்தை மூடி ஒரு பெரிய கவசம், அதில் கழுகுப் படம்.

மெஹர் இரண்டு திருகைக் கழற்றிக் கவசத்தை எடுத்தாள். அவர் உள்ளங்கையில் வைத்தாள். கனமே இல்லை. வெறும் பிளாஸ்டிக். அடியில் பிஸ்கட் அளவுக்கு ஒரு தகரத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க குவாலிட்டி பார்த்தவர்தானேண்ணா?"

அந்த வார்த்தை தைத்தது. இருபத்தாறு வருஷத்தில் யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. கவசத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். தெருமுனைக் குப்பைத்தொட்டி வரைக்கும் கழுகு கூடவே வந்தது.

அடுத்த முறை இன்ஸ்பெக்டராகவே களத்தில் இறங்கினார். கடையில் போர்டைக் கையில் தூக்கிக் கனம் பார்த்தார். மூடியைக் கழற்றிக் காட்டு என்றார். கரண்ட் வரும் இடத்தில் ஒவ்வொரு பாகமாக எண்ணினார். நாலாம் நாளிலிருந்து அவர் தலை தெரிந்ததும் கடைக்காரர்களுக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். ஆனாலும் அவர் விடவில்லை. ஒரு கடையில் கெஞ்சிக் கூத்தாடி, ஒரே போர்டை மூன்று நாள் இடைவிடாமல் ஓட்டச் சொல்லிப் பார்த்தார். ஒரு தடவைகூட நிற்கவில்லை. உலோகக் கட்டி பாறை மாதிரி இருந்தது. தொட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

அதைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினார்.

மெஹர் தடவிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். தணிகாசலத்தின் கண் ஸ்டூலுக்குப் போயிற்று.

"இது நின்னு போச்சுன்னா?" என்றாள்.

"நிக்காதும்மா."

"நின்னா?"

"நிக்காதுன்னுதானே இதைக் கொண்டு வந்திருக்கேன்."

அவள் போர்டை உறையில் போட்டாள். உறையின் வாயை ஒழுங்காக மடித்தாள். அந்த ஒழுங்குதான் அவருக்கு அதிகம் வலித்தது.

நன்றாகவே கோபம் வந்தது. என்ன குறை கண்டாய் என்று சொல்லாமல் போகமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். இவர் விடாக்கண்டன் என்றால் அவள் கொடாக்கண்டன். அரைமணி நேரம் வேறு வேலை பார்த்தாள். நகர்கிற ஆள் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பதில் சொன்னாள்.

"குறையே இல்லண்ணா."

ரயில் அம்பத்தூர் போய்ச் சேரும்வரை அதையே மென்றுகொண்டிருந்தார். குறையே இல்லை. அதை ஒரு குறையைச் சொல்வது போலச் சொல்லியிருந்தாள்.

சின்னப் பெண்ணிடம் போய் ஏன் இப்படி அவமானப்பட வேண்டும், விட்டுத் தொலையுங்கள் என்றாள் மரகதம். அவளுக்கு அவர்மேல் இரக்கம். அது அவருக்கும் தெரிந்தது.

"இன்னும் ஒரு தடவை இருக்கு" என்றார் தணிகாசலம். துவைத்த சட்டையை எடுத்துவைக்கச் சொன்னார்.

மூன்றாம் முறை போனபோது மெஹர் அலமாரியைத் திறந்துவைத்திருந்தாள். ஏழு போர்டுகள். கம்பெனி பெயர், மாடல் பெயர் எல்லாவற்றின் மேலும் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

"எதுல கத்துக்கப் போறீங்களோ அதை எடுங்க."

தணிகாசலம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பையிலிருந்து தன் பழைய பூதக்கண்ணாடியை எடுத்தார். தொழிற்சாலையை மூடிய அன்று அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே பொருள் அது.

ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேறாததை இடதுபக்கம் வைத்தார். முதல் இரண்டில் கட்டி மெலிசு, இடதுபக்கம் போயின. மூன்றாவதும் நாலாவதும் நல்ல கனம், ஒரு கீறல் இல்லை. அவற்றை வலதுபக்கம் வைத்தார். ஐந்தாவதை எடுத்தார். கனம் பரவாயில்லை. ஆனால் பழசு, கீறல் வேறு, ஓரத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. கை தானாக அதை இடதுபக்கம் தள்ளிவிட்டது.

அது பதினாறு வருஷத்து இன்ஸ்பெக்டர் கை. தொழிற்சாலையில் தேறாத பாகத்தின் மேல் ஒரு பொட்டு சிவப்புச் சாயம் வைப்பார்கள். வைப்பவர் அவரேதான். சிவப்பு வைத்ததை அதற்குப் பிறகு யாரும் தொடமாட்டார்கள்.

ஆறாவதும் ஏழாவதும் தேறவில்லை. வலதுபக்கம் இரண்டு போர்டுகள் மிஞ்சின. இரண்டும் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தன. பூதக்கண்ணாடியில் மறுபடி பார்த்தார். ஒரு குறையும் இல்லை.

ஒன்றை நோக்கிக் கை போயிற்று. பாதி வழியில் நின்றது.

குறையே இல்லண்ணா.

தணிகாசலம் இடதுபக்கத்துக்குத் திரும்பினார். ஒருமுறை கழித்ததை மறுபடி எடுப்பது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கழித்த ஐந்தையும் திரும்பப் பார்த்தார். ஐந்தாவது போர்டில் நின்றார்.

ஓரத்தில் இருந்த சிவப்பு, சாயம் இல்லை. ஒரு பட்டன். அது எதற்கு என்று படித்திருந்தார். போர்டு நின்றுபோனால், நாம் மாற்றிவைத்த எண்களையெல்லாம் அழித்து, அதைக் கம்பெனி கொடுத்த நிலைக்கே திருப்பிவிடும் பட்டன் அது. வலதுபக்கத்து இரண்டிலும் அது இல்லை; ஆறாவதிலும் ஏழாவதிலும் இருந்தது. அவற்றில் சிவப்பு புதுக்கருக்கு அழியாமல் பளபளத்தது.

இதில் நடுவிலே சிவப்பே இல்லை. தேய்ந்து வெள்ளை தெரிந்தது.

எந்தக் கைப்பிடி வழவழவென்று இருக்கிறது என்று பார்த்தால் போதும், அந்த லேத்தில் நின்றவன் என்ன வேலை செய்தான் என்று அவர் சொல்லிவிடுவார். பூதக்கண்ணாடியை அந்தப் பட்டன்மேல் வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு மெஹரின் வலதுகைக் கட்டைவிரலைப் பார்த்தார்.

போர்டை அவள் முன்னால் வைத்தார்.

"இது பழசு" என்றாள்.

"தெரியும்."

"கீறல் இருக்கு."

"பார்த்தேன்."

"உங்க பேக்டரியில இதைப் பாஸ் பண்ணுவீங்களா?"

"மாட்டேன்" என்றார் தணிகாசலம். "ஆனா எனக்கு இதுதான் வேணும்."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. உங்கள் பிராசசரைப் பொருத்துங்கள் என்றாள். கீழேயிருந்து வந்த டீயை வாங்கி வைத்துக்கொண்டாள்.

டப்பியைத் திறந்து பிராசசரை எடுத்தார். பொருத்தினார், விசிறியை மாட்டினார், பவரைப் போட்டார். திரையில் வேகத்தின் எண் தெரிந்தது. ஒரு படி கூட்டினார். ஓடிற்று. இன்னொரு படி. ஓடிற்று. கம்பெனி குறித்ததைத் தாண்டியாயிற்று. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பதினொன்றாம் நம்பர் லேத் எங்கேயோ சுற்றுவது போலிருந்தது.

இன்னும் ஒரு படி கூட்டினார்.

திரை கறுத்தது.

விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.  தன் கையால் ஒரு மிஷின் நின்றதே இல்லை என்பதுதான் அவர் வாழ்நாள் பெருமை. அது போயிற்று. இருந்த ஒரே பிராசசரும் போயிற்று என்றே நினைத்தார். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

மெஹரைப் பார்த்தார். அவள் டீயை ஊதிக்கொண்டிருந்தாள்.

பட்டனைப் பார்த்தார்.

பவரை அணைத்தார். கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பத்து எண்ணினார். மறுபடி போட்டார்.

திரை வந்தது. எண்கள் எல்லாம் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தன. பிராசசர் உயிரோடு இருந்தது.

 மறுபடி முதல் படியிலிருந்து ஆரம்பித்தார். அதே இடத்தில் கறுத்தது. அழுத்தினார். மூன்றாம் முறை கரண்டை ஒரு மயிரிழை கூட்டிப் பார்த்தார். அந்த இடத்தைத் தாண்டிவிட்டது. தாண்டி, அடுத்த படியில் கறுத்தது. அழுத்தினார். ஐந்தாம் முறை கறுத்தபோது அறையில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. சிரித்தது அவர்தான்.

கட்டைவிரல் அந்த வெள்ளையின் மேலேயே இருந்தது.

"இதுல நீங்க எத்தனை தடவைம்மா..." என்று கேட்டார்.

மெஹர் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். எழுந்து போய், பெஞ்சின் மேல் கவிழ்ந்து கிடந்த ஸ்டூலை எடுத்தாள். துப்பட்டா நுனியால் தூசியைத் துடைத்து, அவர் பக்கத்தில் போட்டாள்.

"உக்காருங்கண்ணா" என்றாள். "கால் வலிக்கும்."