செம்மண் பூசிய முதுகு

அல்லிக்குளத்தின் கரையில் காட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி இருந்தது. அந்தப் பள்ளியில் பிரம்பே கிடையாது.

"எங்க பள்ளியில பிள்ளைங்க மேல ஒரு அடி விழாது!" என்று தலைமையாசிரியர் உடும்பு பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

பிரம்புக்குப் பதிலாக அங்கே ஒரு செம்மண் சட்டி இருந்தது. யாராவது இன்னொரு பிள்ளையை அடித்தால், வீட்டுக்குப் போகும் நேரத்தில் அடித்தவனின் முதுகில் செம்மண்ணைப் பூசி அனுப்புவார்கள். அதில் குங்கிலியப் பிசின் கலந்திருக்கும். தண்ணீரில் கரையாது. வீட்டில் பெரியவர்கள் பார்த்து, என்ன நடந்தது என்று கேட்டு, புத்தி சொல்லி, எண்ணெய் தேய்த்துத்தான் அதை எடுக்க வேண்டும். அப்படித்தான் ஏற்பாடு.

செவ்வந்தி என்ற இளம் கீரி அந்த மழைக்காலத்தில்தான் அங்கே டீச்சராகச் சேர்ந்திருந்தாள். பிரம்பில்லாத பள்ளி என்று கேட்டதுமே அவளுக்கு அந்த இடம் பிடித்துப்போனது. செம்மண்ணைக் கட்டியில்லாமல் குழைக்கவும் ஆசையாகக் கற்றுக்கொண்டாள்.

ஒருநாள் இடைவேளையில் ஈச்சம்புதர்ப் பக்கம் விசும்பல் கேட்டது. ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள்.

"காதைக் கொடுடா!" என்றான் பன்றிக்குட்டி காரி.

முயல்குட்டி பூளை நடுங்கிக்கொண்டே தலையைச் சாய்த்தான். காரி அவன் காதைக் குளம்பால் மிதித்தான்.

"அழுதா இன்னொண்ணு விழும்! இப்ப சொல்லு. 'எல்லாம் என் நல்லதுக்குத்தான்'னு சொல்லு!"

"எ... எல்லாம் என் நல்லதுக்குத்தான்."

"சத்தமா!"

"டேய் காரி! விடுடா அவனை!" என்று கத்தினாள் செவ்வந்தி.

காரி காலை எடுத்தான். "சும்மா விளையாடினோம் டீச்சர்."

"இதுவா விளையாட்டு? பூளை, ரொம்ப வலிக்குதா?"

பூளை முதலில் காரியைப் பார்த்தான். பிறகு டீச்சரைப் பார்த்தான். "எல்லாம் என் நல்லதுக்குத்தான் டீச்சர்" என்றான்.

செவ்வந்திக்கு உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்தது. அடித்தது போதாதென்று, அடி வாங்கியவனையே இப்படிச் சொல்ல வைக்கிறானே! ஒரு குட்டிக்கு இது எங்கிருந்து வந்தது? இவன் பிறவியிலேயே கெட்டவனாக இருக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள்.

சாயங்காலம் செம்மண் சட்டியை எடுத்தாள். யாருக்கும் அஞ்சாத காரி அதைக் கண்டதும் தரையோடு தரையாகப் படுத்துவிட்டான்.

"டீச்சர், வேண்டாம் டீச்சர்! தோப்புக்கரணம் போடறேன்! மைதானம் முழுக்கக் கூட்டறேன்!"

"செய்யும்போது தெரியலையா?"

"நீங்களே ரெண்டு அடி அடிச்சிடுங்க டீச்சர். மண்ணு மட்டும் வேண்டாம்!"

"இங்கே யாரும் யாரையும் அடிக்கிறதில்லை" என்றாள் செவ்வந்தி. சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பயம் வந்துவிட்டது, இனித் திருந்திவிடுவான் என்று நினைத்தாள். முதுகு நிறையப் பூசினாள்.

"சிவப்பு முதுகு சிங்காரம் போறான் பாரு!" என்று மரத்திலிருந்து குரங்குக்குட்டிகள் கூவின. "வீட்டுல பூஜை உண்டுடோய்!"

காரி ஓடவில்லை. மெல்ல, மிக மெல்ல நடந்து போனான்.

மறுநாள் அவன் முதுகு சுத்தமாக இருந்தது. ஆனால் காலை முழுவதும் அவன் உட்காரவே இல்லை.

"உட்காருடா."

"முள்ளு குத்திடுச்சு டீச்சர். நின்னுக்கிறேன்."

செவ்வந்தி சரி என்று விட்டுவிட்டாள். இடைவேளையில் குளத்தங்கரையில் ஒரே கூச்சல். காரி பூளையின் தலையைச் சேற்றில் அழுத்திக்கொண்டிருந்தான்.

"உன்னாலதானே டீச்சர் வந்தாங்க! உன்னாலதானே மண்ணு பூசினாங்க!"

இழுத்து வெளியே எடுத்தபோது பூளைக்கு மூச்சு முட்டியது. மூக்கெல்லாம் சேறு.

தலைமையாசிரியர் நாக்கைச் சுழற்றிக்கொண்டு வந்தார். "போதும்! நாளையிலிருந்து இவன் பள்ளிக்கு வர வேண்டாம். கடைசியா ஒரு தடவை மண்ணைப் பூசி அனுப்புங்க. நீங்களே போய் அவங்கப்பாகிட்டச் சொல்லிட்டு வந்துடுங்க."

செவ்வந்தி பூசினாள். காரி இந்தத் தடவை கெஞ்சவில்லை. பூளையைத் துடைத்து அவன் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, அவள் காரியின் வீட்டுக்குக் கிளம்பினாள்.

குளத்தின் தெற்கே கோரைக்காடு. காரியின் அம்மா இறந்த பிறகு அங்கே அவனும் அவன் அப்பா கோரையனும் மட்டும்தான். கோரையனுக்குக் காட்டில் நல்ல பேர். போன வெள்ளத்தில் முதல் ஆளாக இறங்கி மான்குட்டிகளைக் கரைசேர்த்தவர். இப்படிப்பட்டவருக்கு இப்படி ஒரு பிள்ளையா என்று எண்ணியபடியே செவ்வந்தி கோரையை விலக்கினாள்.

உள்ளே ஒரு குரல் கேட்டது.

"காதைக் கொடுடா! அழுதா இன்னொண்ணு விழும்!"

அது காரியின் குரல் இல்லை.

பொத்தென்று ஒரு சத்தம். "இப்ப சொல்லு. 'எல்லாம் என் நல்லதுக்குத்தான்'னு சொல்லு! சத்தமா!"

அதே வார்த்தைகள். அதே வரிசை. கோரையின் இடுக்கு வழியே பார்த்தாள். காரி தரையில் கிடந்தான். எண்ணெயில் கரைந்து செம்மண் வழிந்த இடத்தில், அதுவரை மறைத்திருந்த அடர்ந்த மயிர் விலகி முதுகுத் தோல் தெரிந்தது. அதில் வால்வரை பழைய தழும்பு, அதன்மேல் புதிய காயம். எந்த முள்ளும் அப்படிக் குத்தாது.

"அடிக்காதீங்க!" என்று பாய்ந்து நடுவில் நின்றாள்.

கோரையன் திரும்பினார். உடனே முகமெல்லாம் சிரிப்பு. "அடடே, டீச்சரம்மாவா! வாங்க, வாங்க. கிழங்கு சாப்பிடறீங்களா?"

"என்ன செய்யறீங்க நீங்க?"

"நீங்க சொல்லி அனுப்பின வேலையைத்தான் செய்யறேன். நீங்க மண்ணு பூசி விடறது எனக்கு எவ்வளவு ஒத்தாசை தெரியுமா! முன்னெல்லாம் எதுக்கு அடிக்கிறதுன்னு நானே காரணம் தேடணும்."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

"மண்ணு இல்லாம வர்ற நாள்ல?" என்று கேட்டாள் செவ்வந்தி.

"இல்லைன்னா எதையோ மறைக்கிறான்னு அர்த்தம். அன்னிக்கு இன்னும் ரெண்டு சேர்த்தே விழும்!"

தரையிலிருந்து காரி, யாரும் கேட்காமலே, "எல்லாம் என் நல்லதுக்குத்தான் டீச்சர்" என்றான்.

செவ்வந்தி தன் விரல்களைப் பார்த்தாள். நக இடுக்கில் செம்மண் இன்னும் இருந்தது. இவனை நாளை முதல் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். அப்படியானால் பகல் முழுவதும் இவன் எங்கே இருப்பான்?

"காரி, எழுந்து என் பின்னாடி வா."

"எங்க கூட்டிட்டுப் போறீங்க?" கோரையனின் சிரிப்பு மறைந்தது. தந்தங்கள் தாழ்ந்தன. "அது என் பிள்ளை!"

செவ்வந்தி அவர் முழங்கால் உயரம்கூட இல்லை. இருந்தும் அவள் நகரவில்லை. வாயைத் திறந்து, கீரிகள் பாம்பைக் கண்டால் போடும் சத்தத்தைப் போட்டாள். குளம் முழுவதும் கேட்டது. அக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த பெண்பன்றிகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தன. முன்னால் வந்தவள் காரியின் சித்தி.

"எங்கே பாம்பு?" என்று கேட்டவள் காரியின் முதுகைப் பார்த்தாள். "இது... எங்கக்கா பிள்ளையோட முதுகா? மாமா! கூச்சப்படறான், அதான் கிட்ட வரமாட்டேங்கிறான்னு சொன்னீங்களே!"

"பெத்த அப்பன் பிள்ளையை அடிக்கக் கூடாதா?" என்றார் கோரையன்.

பன்றிகள் தோளோடு தோள் சேர்ந்து காரியைச் சுற்றி நின்றன. கோரையன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு பின்வாங்கிக் கோரைக்குள் போய்விட்டார். காரி அன்றே சித்தியோடு அக்கரைக்குப் போனான்.

மறுநாள் செவ்வந்தி தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "அவனை நீக்கக் கூடாது சார்."

"பாவம்தான். ஆனா நாம என்ன செய்ய முடியும்? நாம யாரையும் அடிக்கலையே!"

"நாம அடிக்கலை சார். அடிங்கன்னு எழுதி அவன் முதுகுலயே ஒட்டி அனுப்பினோம்!"

உடும்பின் நாக்கு பாதி வெளியே நின்றது.

"எத்தனை பிள்ளைங்க..." என்று தொடங்கினார். அவரே சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மண்ணைப் பள்ளத்தில் கொட்டினார். காரியை நீக்கவும் இல்லை.

காரியின் வீட்டில் பார்த்ததைச் செவ்வந்தி பூளையிடம் மறைக்காமல் சொன்னாள்.

"அவன் பாவம்தான் டீச்சர்" என்றான் பூளை. "ஆனா என் காது இன்னும் வலிக்குதே?"

"வலிக்கத்தான் செய்யும். அவன்கூடப் பேசுன்னு உன்னைச் சொல்ல மாட்டேன். அவன் உன் பக்கம் வராம நான் பார்த்துக்கிறேன்."

சொன்னபடியே பார்த்துக்கொண்டாள். வகுப்பில் காரி தனியாக அவள் பக்கத்தில்தான் இருந்தான். காயம் ஆறி உட்காரத் தொடங்கினான். ஒருநாள் இடைவேளையில் அணில்குட்டி ஒன்று அவன் மூக்கின்மேல் நெல்லிக்கொட்டையை எறிந்துவிட்டுச் சிரித்தது. ஒரே பாய்ச்சலில் காரி அதை மடக்கினான். குளம்பு மேலே போனது. "காதை..." என்று தொடங்கிவிட்டான்.

அங்கேயே நின்றான். தூக்கிய கால் அந்தரத்திலேயே இருந்தது.

"டீச்சர்!" என்று அலறினான். "மறுபடி வருது டீச்சர்! சீக்கிரம் வாங்க!"

செவ்வந்தி ஓடினாள். அவள் வந்து சேரும்வரை காரி அந்தக் காலைக் கீழே இறக்கவில்லை.

அடிக்கிற பிள்ளையைத் தண்டிப்பதற்கு முன், அவனை அடிக்கிறவர் யார் என்று கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் கொடுக்கும் தண்டனை இன்னொரு பிள்ளையின் மேல் அடியாகத்தான் போய் விழும்.